போனில் தொலைந்த சகரம்

“சகரத்தைத் தகரமாக உச்சரிக்கிறாள். சொல்லின் முதலெழுத்தை விழுங்குகிறாள். நாக்குப் பயிற்சி தேவை.”

என் குறிப்பேட்டில் 2021 ஆகஸ்ட் மாதம் நான் எழுதிய வரிகள் இவை. பள்ளிகள் மூடியிருந்த காலம். அப்போது என் மூன்றாம் வகுப்பில் ஸ்மார்ட்போன் இருந்த வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினேன். பட்டன் போன் மட்டும் இருந்த வீடுகளுக்கு மாலை ஆறு மணிக்கு மேல், வேலைக்குப் போன பெற்றோர் திரும்பியதும் நானே அழைப்பேன். குழந்தை பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கும். நான் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்வேன். நம்மில் பலரும் அப்படித்தான் செய்தோம். வேறு வழியும் இல்லை.

அந்தப் பெண் குழந்தை “சட்டை” என்று படித்தால் எனக்குத் “தட்டை” என்று கேட்டது. “சங்கு” என்பது “தங்கு” ஆனது. சில சொற்களில் முதலெழுத்தே இல்லை. ஒரு நாள் அல்ல, ஏழெட்டு முறை கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். எழுதியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் அம்மாவிடமும் சொன்னேன்: “பிள்ளைக்கு ‘ச’ வரலைம்மா. நாக்கு கொஞ்சம் தடிப்பா இருக்குமோ என்னவோ, கவனிங்க.”

நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தது. எல்லாக் குழந்தைகளும் பேசித் தீர்த்தார்கள். இவள் மட்டும் வாய் திறக்கவில்லை. படிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பார்த்தபடி நிற்பாள். கண் வரியில் ஓடும், உதடு அசையாது. ஊரடங்கின் பாதிப்பு என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் போயிருக்கும். மதிய உணவு முடிந்து கைகழுவும் இடத்தில் யார் முதலில் ஓடிப்பிடிப்பது என்று முடிவு செய்ய நாலைந்து பேர் வட்டமாக நின்று கை நீட்டினார்கள். “சா... பூ... த்ரீ!” எல்லாரையும்விட உரக்கக் கேட்ட குரல் அவளுடையது. அந்தச் ‘சா’-வில் எந்தக் குறையும் இல்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா சொன்ன செய்தி என்னை உட்கார வைத்துவிட்டது. நான் சொன்னதை நம்பி, மூன்று மாதமாகத் தினமும் காலையில் வசம்பைச் சுட்டு, உரைத்து, அவள் நாக்கில் தடவியிருக்கிறார். கைக்குழந்தைக்குத் தடவுவதை எட்டு வயதுப் பிள்ளைக்கு. வீட்டில் அவள் ‘ச’ சொன்னால் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது. “டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார். அந்தக் கசப்பை நாக்கில் வாங்கிக்கொண்ட பிள்ளை, சத்தமாகப் படித்தால்தானே பிழை என்று படிப்பதையே நிறுத்திவிட்டிருக்கிறாள்.

தவறு எங்கே நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. என் காது கேட்டது பொய்யா? மறுநாள் எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “போன் எவ்வளவு ஒலியை அனுப்பும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்ப்போமா?” என்றார். அங்கே தொடங்கியதுதான் பிறகு பாடமாக வளர்ந்தது.

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று அறிவியல் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். பழைய தொலைபேசி அமைப்பு அதில் அனுப்புவது சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் வெட்டிவிடுகிறது. இது கருவியின் பழுது இல்லை. வேண்டுமென்றே செய்த சிக்கனம். ஒரே கம்பியில் பல உரையாடல்களை அனுப்ப வேண்டியிருந்தது. ஓர் உரையாடலுக்கு 4,000 ஹெர்ட்ஸ் அகலம் என்று பங்கு போட்டார்கள். பேச்சு புரிய அது போதும். பிறகு தொலைபேசி டிஜிட்டலுக்கு மாறியபோதும் அந்தப் பங்கு அப்படியே தொடர்ந்தது: குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்ணாக மாற்றினார்கள். நொடிக்கு 8,000 முறை அளந்தால் அதில் பாதி, அதாவது 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் மீட்க முடியும். 2ஜி பட்டன் போனும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

இனி நம் எழுத்துகளுக்கு வருவோம். உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே அவை போனில் பிழைத்துக்கொள்கின்றன. சொல்லின் முதலில் வரும் சகரத்தை இன்று நாம் பெரும்பாலும் ‘ஸ’ போல, பல்லிடுக்கில் காற்றை உரசவிட்டுச் சொல்கிறோம். அந்த உரசொலியின் வலிமை 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. குழந்தைகளின் வாயறை சிறியது. ஆகவே அவர்களின் உரசொலி பெரியவர்களுடையதைவிட இன்னும் உயரத்தில் எழுகிறது. நான் போனில் “சட்டை” என்றால் சகரத்தின் அடிப்பகுதியாவது போய்ச் சேரும். எட்டு வயதுக் குழந்தை சொன்னால் சேருவது அதைவிடக் குறைவு. மிஞ்சுவது ஒரு மங்கலான காற்று. அதன் பின்னால் ‘அ’ தெளிவாக வருகிறது. காது என்ன செய்யும்? தெரிந்த ஒரு மெய்யை அந்த இடத்தில் வைத்து நிரப்பிக்கொள்கிறது. நான் தகரத்தை வைத்தேன்.

ஒரு தடயம் என் குறிப்பேட்டிலேயே இருந்திருக்கிறது. அவள் “பச்சை”, “மஞ்சள்” ஆகிய சொற்களைச் சரியாகப் படித்ததாக நானே எழுதியிருக்கிறேன். ‘ச்ச’-வும் ‘ஞ்ச’-வும் உரசொலி இல்லை. நாக்கு அண்ணத்தைத் தொட்டு விடும் ஒலிகள். சகர ஞகரங்கள் இடைநாவும் இடையண்ணமும் பொருந்துவதால் பிறப்பவை என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்வது இந்த வகைச் சகரத்துக்கு இன்றும் பொருந்துகிறது. தொட்டுப் பிறக்கும் சகரம் போனில் வந்திருக்கிறது, உரசிப் பிறக்கும் சகரம் வரவில்லை. ஒரு தமிழாசிரியராக அந்த வேறுபாட்டை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

முதலெழுத்தை விழுங்கியது யார் என்பதற்கும் விடை கிடைத்தது. பேசாத நேரத்தில் கைபேசி ஒலியை அனுப்பாமல் மின்கலத்தையும் அலைவரிசையையும் மிச்சப்படுத்துகிறது. பேச்சு தொடங்கிவிட்டது என்று கருவி உணர்ந்த பிறகே முழுமையாக அனுப்பத் தொடங்கும். உரத்துப் பேசுபவருக்கு இதனால் நட்டமில்லை. டீச்சரிடம் போனில் படிக்கிறோமே என்ற கூச்சத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, மெல்லிய குரலில் படிக்கும் குழந்தைக்குச் சொல்லின் தலை வெட்டுப்பட்டுப் போகலாம். கூச்சமுள்ள குழந்தையைக் கருவி மேலும் குறைத்துக் காட்டுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. 4ஜி இணைப்பில் இரண்டு பக்கமும் வோல்ட்டி வசதி இருந்தால் குரல் சுமார் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும். விளம்பரங்களில் எச்டி வாய்ஸ் என்பது இதுதான். வாட்ஸ்அப் குரல் பதிவும் பட்டன் போன் அழைப்பைவிட அகலமானது. ஆகவே அந்த மாதங்களில் ஸ்மார்ட்போன் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் ‘உச்சரிப்பு நன்று’ என்றும், பட்டன் போன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘பயிற்சி தேவை’ என்றும் எழுதியிருக்கிறேன். பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எழுதியது பிள்ளைகளைப் பற்றி என்றுதான் நினைத்திருந்தேன்.

வேப்பமரத்தடிச் சோதனை

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்த சோதனையை எந்தப் பள்ளியிலும் செய்யலாம். மாணவர் கையில் போன் தேவையில்லை. ஆசிரியர்களின் இரண்டு போன்கள் போதும். ஒன்று சாதாரண 2ஜி பட்டன் போனாக இருந்தால் நல்லது. அது எங்கள் சத்துணவு அமைப்பாளரிடம் கிடைத்தது.

முதலெழுத்து மட்டும் வேறுபடும் இணைச்சொற்களைப் பிள்ளைகளே தேடிச் சேர்த்தார்கள். சங்கம் – தங்கம், சேர் – தேர், சாய் – தாய், சுளை – துளை, சடை – தடை. பிறகு மாடு – நாடு, மடை – நடை, முனி – நுனி. படி – தடி, பாய் – தாய். இந்தத் தேடலே ஒரு பாடவேளையை எடுத்துக்கொண்டது. மொழிப்பாடத்தில் வேற்றுமைச் சொல் தேடு என்றால் சலித்துக்கொள்பவர்கள், போனை ஏமாற்ற வேண்டும் என்றதும் அகராதியைக் கேட்டு வாங்கினார்கள்.

ஒரு மாணவி மைதானக் கோடியில் வேப்பமரத்தடியில் நின்று, பட்டியலைக் கலைத்துப் போட்டு, பட்டன் போனில் ஒவ்வொரு சொல்லாகப் படிப்பாள். வகுப்பறையில் மற்றொரு போன் ஸ்பீக்கரில் இருக்கும். மற்றவர்கள் கேட்டதை எழுதுவார்கள். அதே பட்டியலை அடுத்து வகுப்பறை வாசலில் நின்று நேரில் படிப்பாள். மூன்றாவதாக ஒரு போனின் ஒலிப்பதிவுச் செயலியில் பதிவு செய்து வந்து போட்டுக்காட்டுவாள். மூன்று பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

மதிப்பெண்களை இங்கே தரவில்லை. ஒரு பள்ளியின் ஒரு நாள் கணக்கை யாரும் ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். எங்கள் வகுப்பில் நேரில் படித்தபோது ஏறக்குறைய யாரும் தவறவில்லை. போனில் ‘ச – த’ இணைகள் குழம்பின. நான் எதிர்பாராத விதமாக மகரமும் நகரமும் அதே அளவு குழம்பின. இரண்டும் மூக்கொலிகள், ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. உயிரெழுத்துகளில் தவறு மிகக் குறைவு.

அடுத்து அதே சொற்களை வாக்கியத்தில் வைத்துப் படிக்கச் சொன்னோம். “தேர் நிலைக்கு வந்தது”, “பலாச்சுளை இனிக்கும்”. ஒருவரும் தவறவில்லை. கருவி அனுப்பாததை வாக்கியம் நிரப்பித் தந்துவிட்டது. போனில் தனிச்சொல் படிக்க வைத்து உச்சரிப்பைச் சோதித்த நான், போனுக்கு மிகக் கடினமான வேலையைத் தேடிப்பிடித்துக் கொடுத்திருக்கிறேன். கதை படிக்கச் சொல்லியிருந்தால் அவள் நன்றாகப் படித்தாள் என்றுதான் எழுதியிருப்பேன்.

ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகம் உருவாக்கிய பைபாக்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது. போனின் உணர்விகளை ஆய்வகக் கருவிகளாக மாற்றித் தரும். அதில் ஒலி நிறமாலைப் பகுதியைத் திறந்து “ம்ம்ம்” என்றால் திரையின் இடப்பக்கம் முகடுகள் எழும். “ஸ்ஸ்ஸ்” என்றால் வலப்பக்கக் கோடியில் மேடு எழும். 3,400-க்கு நேராக ஒரு அட்டையை வைத்து வலப்பக்கத்தை மறைத்துக்காட்டினார் அறிவியல் ஆசிரியர். “இவ்வளவும் போச்சா சார்?” என்று ஒருவன் கேட்டான். அடுத்து, அவர் தன் குரலையே காட்டினார். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அது 300-க்குக் கீழே. அப்படியானால் பழைய தொலைபேசியில் அப்பாவின் குரல் எப்படிக் கனமாகக் கேட்கிறது? அந்த அதிர்வெண்ணின் மடங்குகள் வந்து சேர்கின்றன. அவற்றிலிருந்து, வராத அடிப்படையை மூளை கணக்கிட்டுக்கொள்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு எடுப்பவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போயும் இதைப் பற்றியே பேசினார்களாம்.

எடிசனும் அதே எழுத்தும்

‘ச’-வைத் தொலைத்த முதல் ஆள் நானில்லை. தாமஸ் எடிசன் 1877-இல் போனோகிராஃபை உருவாக்கினார். உருளையில் சுற்றிய மெல்லிய தகடுத் தாளில் ஊசி பள்ளம் கீறியது, அதே பள்ளத்தில் ஓடி ஒலியைத் திருப்பித் தந்தது. அடுத்த ஆண்டே, இந்தக் கருவி எதற்கெல்லாம் பயன்படும் என்று ஓர் இதழில் எழுதினார். கடிதம் சொல்லி எழுதவைப்பது, பார்வையற்றோருக்குப் பேசும் நூல், குடும்பத்தாரின் குரலைச் சேமிப்பது ஆகியவற்றோடு உச்சரிப்பு கற்பித்தல், ஆசிரியரின் விளக்கத்தைச் சேமித்து மாணவர் மறுபடி கேட்பது ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. பாட்டு அதில் ஓர் உருப்படி மட்டுமே. இன்று நாம் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பாடத்தைக் கேட்கவைப்பது அந்தப் பட்டியலில் இருந்ததுதான்.

ஆனால் உச்சரிப்பு கற்பிக்க வேண்டிய அந்தக் கருவிக்கே உச்சரிப்பு வரவில்லை. கருவியை மேம்படுத்தும்போது ‘ஸ்பீஷியா’ என்ற ஒரே சொல்லோடு ஏழு மாதம் போராடியதாக எடிசன் சொல்லியிருக்கிறார். அவர் ‘ஸ்பீஷியா’ என்றால் கருவி ‘பீஷியா’ என்றதாம். பைத்தியம் பிடிக்காத குறை என்று அலுத்துக்கொண்டிருக்கிறார். இதைச் சொன்னபோது எட்டாம் வகுப்பு கைதட்டியது. எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அவருக்கு ஒரு வேறுபாடு: முதலெழுத்தை விழுங்கியது கருவிதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பின்னர் வந்த இசைத்தட்டுக் காலத்திலும் கருவிதான் குரலைத் தேர்ந்தெடுத்தது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தபோது மைக் கிடையாது. பெரிய புனலுக்குள் முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும், தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். மெல்லிய குரலும் மெல்லிய கருவியும் அந்தப் புனலுக்கு எட்டவில்லை. 1925-இல் மின்சார ஒலிவாங்கியைக் கொண்டு பதிவு செய்யத் தொடங்கிய பிறகே மென்குரலுக்கு இடம் கிடைத்தது. பழைய தட்டைக் கேட்டுவிட்டு அந்தக் காலத்தார் எல்லாரும் இப்படிக் கத்தித்தான் பாடினார்கள் என்று முடிவு கட்டினால், நான் அந்தப் பிள்ளைக்குச் செய்ததைத்தான் அவர்களுக்கும் செய்கிறோம்.

இந்தப் பாடத்தை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோகும் இடமும் இருக்கிறது. எரிவாயு பதிவு செய்யவோ வங்கிக்கோ அழைத்தால் “எம் ஃபார் மதுரையா, என் ஃபார் நாகப்பட்டினமா?” என்று கேட்கிறார்களே, அது மூக்கொலிச் சிக்கலுக்கு மக்கள் கண்ட மருந்து. “ஒன்றை அழுத்தவும்” என்றதும் நாம் அழுத்தும் ஒவ்வொரு பட்டனும் இரண்டு சுருதிகளைச் சேர்த்து அனுப்புகிறது. 1-க்கு 697, 1,209 ஹெர்ட்ஸ். எல்லாம் தொலைபேசியின் குறுகிய வாசலுக்குள் நுழையும்படி தேர்ந்தெடுத்தவை. பிள்ளைகள் தங்கள் ஊர்ப்பெயரை 108-க்கும் 1098-க்கும் எப்படிச் சொல்வது என்று பழகினார்கள். நிஜமாக அழைக்காமல் வேப்பமரத்தடிப் போனில்தான். முதலெழுத்துக்கு ஓர் ஊர்: ‘சேலம் ச’, ‘தஞ்சாவூர் த’, ‘மதுரை ம’, ‘நாகை ந’, ‘பழனி ப’. பிறகு பெரிய ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தச் சாலை, பக்கத்தில் என்ன அடையாளம். பெயரை மட்டும் மூன்று முறை கத்துவதால் பயனில்லை, போகாத ஒலி கத்தினாலும் போகாது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

நானும் சில வழக்கங்களை மாற்றிக்கொண்டேன். வாசிப்பை இப்போதும் சில நேரம் போனில் பதிவு செய்கிறேன். குழந்தைக்குத் தன் குரலைத் தானே கேட்பதில் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அழைப்பில் கேட்டு எதையும் எழுதுவதில்லை. போனிலேயே பதிவு செய்து வாங்குகிறேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாய்க்கு நேராக இல்லாமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்கிறேன். அடியில் இருக்கும் மைக் துளையைக் கட்டைவிரல் மூடிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ‘உச்சரிப்பு’ என்ற கட்டத்தை மட்டும், குழந்தையை எதிரில் உட்காரவைத்து அதன் உதட்டைப் பார்த்தபடி கேட்டபிறகே நிரப்புகிறேன். பேசும்போது நாக்கு உண்மையிலேயே தடுமாறும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பத் தயங்கக் கூடாது. அதையும் நேரில் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குறிப்பேட்டில் அந்த வரிகளை அடித்து, பக்கத்தில் தேதியிட்டுத் திருத்தம் எழுதினேன். அம்மாவிடமும் போய், தவறு என்னுடையது, பிள்ளையின் நாக்கில் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவள் எதிரிலேயே சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “வசம்பு மிச்சம் இருக்கு டீச்சர், சின்னவளுக்கு ஆகும்” என்று சிரித்தார். அவள் வகுப்பில் சத்தமாகப் படிக்க அடுத்த ஜூன் வரை ஆனது. முதலில் பக்கத்தில் இருப்பவளோடு சேர்ந்து, பிறகு பாட்டாக, பிறகு தனியாக.

2024 ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்கு வந்தாள். வேப்பமரத்தடிச் சோதனையை அந்த ஆண்டும் செய்தோம். மரத்தடிக்குப் போய்ப் படிப்பது யார் என்று கேட்டதும் அவள் கை தூக்கினாள். பட்டன் போனை வாங்கிக்கொண்டு ஓடினாள். ஸ்பீக்கரில் முதல் சொல் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் ‘தங்கம்’ என்று எழுதினார்கள். திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தவள், “நான் சங்கம்னுதான் சொன்னேன்” என்றாள், என்னைப் பார்த்து.